செக்கர் அண்ணாச்சியின் வலது கண்

எங்கள் தெருவில் யாரும் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பீடியைச் சோதித்து வாங்குகிற செக்கர் என்றால் அவர்தான். முக்கூடலில் அப்போது வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றினார்கள். சுற்றியதைக் கட்டுக் கட்டாகக் கட்டி, சாயங்காலம் பீடிக்கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். கம்பெனியின் கிளை அலுவலகத்தைத்தான் நாங்கள் பீடிக்கடை என்போம். வாசலைப் பார்க்க ஒரு மேசை போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். கட்டை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு உருட்டு உருட்டுவார். முனையை முகர்ந்து பார்ப்பார். பிறகு கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நீளவாக்கில் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் இடது பக்கம் வைத்துவிடுவார். இல்லையென்றால் "கோணல்" என்பார். அந்த ஒரு சொல்தான். சொல்லிவிட்டுக் கட்டை இரண்டாக ஒடித்து, வலது பக்கம் இருக்கும் தண்ணீர் வாளிக்குள் போடுவார்.

அந்த வாளியால்தான் அவருக்கு ஊரில் மரியாதை. மற்ற கிளைகளில் கழித்துப்போட்ட பீடி தண்ணீருக்குப் போகாது, மேசைக்கு அடியில் போகும். பிறகு அது யார் யார் பைக்கோ போய் எங்கேயோ விலைக்குப் போகும். அதற்காகவே நல்ல கட்டைக் கழிப்பவர்கள் உண்டு. இவர் ஒடித்ததை இவரே எடுத்துக்கொள்ள முடியாதபடி நனைத்துவிடுவார். "ஒடிப்பாரு, ஆனா திங்கமாட்டாரு" என்று பெண்கள் சொல்லுவார்கள். ஒரு முறை மேலிருந்து வந்த ஒருவர், தினம் இவ்வளவு கழிவு காட்டியே ஆக வேண்டும் என்று அவரிடம் சொன்னாராம். கழிவு இருந்தால்தான் கழிக்க முடியும் என்று இவர் பதில் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குக் கட்டை உருட்டிக்கொண்டிருந்தாராம்.

அவர் மனைவியும் பீடி சுற்றினார். ஒரு நாள் வரிசையில் அந்தம்மாவின் முறை வந்தபோது, கொண்டுவந்த கட்டுகளில் மூன்றை எல்லாப் பெண்களும் பார்க்க இவர் ஒடித்து வாளியில் போட்டார். அந்தம்மா ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. அவர் அதற்காகச் சமாதானமும் சொல்லவில்லை. மறு வாரம் அதே மேசையில் அதே போல் உருட்டிப் பார்த்து இடது பக்கம் வைத்தார். அவ்வளவுதான்.

என் அம்மா அவரிடம் இருபது வருஷத்துக்கு மேல் பீடி போட்டாள். நான் வேலைக்குப் போகும்வரை அம்மாவின் கட்டு ஒடிபட்டுப் பார்த்ததில்லை. அந்தப் பீடியில்தான் நான் பிளஸ் டூ வரை படித்தேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவித்தொகையில் மேலே படித்து, திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் வேலைக்குப் போனேன். டாக்டரிடம் போவதற்கு முன்னால் எழுத்து அட்டையைக் காட்டி, "இது தெரியுதா, அது தெரியுதா" என்று கேட்கிற வேலை.

அங்கேதான் ஒரு நாள் அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். மடியில் மஞ்சள் பை. சட்டையில் புகையிலை வாசம். அவருக்கு என்னைத் தெரியவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. ஊரையே மேசைக்கு முன்னால் நிற்க வைத்த மனிதர் இப்போது என் நாற்காலியில் நாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கண்ணுக்குள் கரும்பொட்டுகள் மிதக்கின்றன, கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று நினைத்து வந்திருந்தார். இடது கண்ணில் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. அந்தக் கண் எப்போதோ கெட்டுப் போயிருந்தது. ஒரு கண் போதும் என்று அதை அவர் பொருட்படுத்தவே இல்லை. வலது கண்ணில் நான்கு வரி வாசித்தார். ஐந்தாவது வரியில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்வதாகச் சொன்னார். உடனே கட்டம் போட்ட தாளை எடுத்தேன். வெள்ளைத் தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருந்தால் அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். இடது கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பார்க்கச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத எங்க அச்சடிச்சிய?"

ஏன் என்று கேட்டேன்.

"கோடெல்லாம் வளைஞ்சில்லா கெடக்கு. நடுவுல குழி உழுந்த மாதிரி இருக்கு. இது கோணல், பிள்ள. வேற தாள் எடு."

வேறு தாள் கொடுத்தேன். அதையும் கழித்தார். மேசையில் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்து ஒரு கோட்டின் மேல் வைத்து, அதன் ஓரமாக விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். விரல் நேராகப் போனது. அவர் கண்ணுக்கு ஸ்கேல் வளைந்து தெரிந்தது. இன்னொரு தடவை ஓட்டினார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: பார்வை போய்விடுமா? அவர் அதைக் கேட்கவில்லை.

"இது எத்தன மாசமா இப்பிடி இருக்கும்?" என்றார்.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய ஏழெட்டு மாதமாக எங்கள் தெரு முழுக்க ஒடிபட்டுக்கொண்டிருந்தது.

முதலில் இலை சரியில்லை என்றுதான் பெண்கள் நினைத்தார்கள். பிறகு நூலைக் குறை சொன்னார்கள். கடைசியில் தங்கள் கைகளைக் குறை சொல்லிக்கொண்டார்கள். அம்மா தினமும் நாலு கட்டு, ஐந்து கட்டு என்று வாளிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது இரண்டு கைகளையும் என் முகத்துக்கு முன்னால் நீட்டி, நடுங்குகிறதா பார் என்றாள். நடுங்கவில்லை. அவள் நம்பவில்லை. வயசாகிவிட்டது, விரல் போய்விட்டது என்றாள். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி விரல் விரலாக நீவிக்கொண்டாள். செக்கர் வேண்டுமென்று ஒடிக்கிறாரோ என்று நான் கேட்டதற்கு என்னைத்தான் திட்டினாள். பொண்டாட்டி கட்டையே ஒடித்த மனிதருக்கு இவள் மேல் என்ன விரோதம்? அவர் கோணல் என்றால் அது கோணல்தான். இருபது வருஷம் பழகிய தன் கையைவிட அவர் கண்ணைத்தான் அம்மா நம்பினாள். தெருவே அப்படித்தான் நம்பியது.

ஒருத்தி மட்டும் நம்பவில்லை. தெருக் கோடியில் இருந்த இசக்கியம்மாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். அவள் மகள் திருநெல்வேலியில் கல்லூரியில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தாள், அதே உதவித்தொகையில். ஒரு நாள் மேசைக்கு முன்னால், முப்பது பெண்கள் நிற்க, இசக்கியம்மாள் சொன்னாள்:

"என் பீடி நேராத்தான் இருக்கு. ஒம்ம கண்ணுதான் கோணல், அண்ணாச்சி. எங்கயாவது கொண்டு காட்டும்."

அவர், அவள் அன்றைக்குக் கொண்டுவந்தது முழுவதையும் ஒவ்வொரு கட்டாகத் தூக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாக ஒடித்தார். அம்மா அந்த வரிசையில் நின்றிருந்தாள். கோபத்தில் ஒடித்தார் என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் ஒடித்தார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். அந்த மாதக் கடைசியில், கழிவு அதிகம் என்று கம்பெனி இசக்கியம்மாளின் பீடித் தொழிலாளர் கார்டைப் பிடுங்கிக்கொண்டது. கார்டு இல்லையென்றால் மகளுக்கு உதவித்தொகை இல்லை. தாயும் மகளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

இதெல்லாம் அந்த இருட்டறையில், அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நிமிஷத்துக்குள் என் மனதில் ஓடியது. அவர் மனதிலும் அதுதான் ஓடியிருக்க வேண்டும். எத்தனை மாதம் என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

கண்ணுக்குள்ளே அழற்சி, அதனால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ரத்தம், நெஞ்சுப் படம், காசநோய்க்கான சோதனை எல்லாம் பார்த்தார்கள். தொற்று எதுவும் இல்லை. அவர் பீடிக்கடைக்கு லீவு போட்டுவிட்டார். முதலில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். கண் கொஞ்சம் தணிந்தது, ஆனால் ஏற்கெனவே இருந்த சர்க்கரை எகிறிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டு, மருந்தைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

அதை அவருக்கு விளக்கிச் சொன்னது நான்தான். அரை சென்டிமீட்டர் நீளத்தில் தையல் நூல் தடிமனுக்கு ஒரு குச்சி. ஊசி வழியாக அதைக் கண்ணுக்குள் செலுத்துவார்கள். உள்ளே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட்டுவிட்டு, மூன்று நான்கு மாதத்தில் தானாகவே கரைந்துவிடும்.

"உள்ள போயி நேரா நிக்குமா?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

எப்படி நின்றாலும் வேலை செய்யும் என்றேன். இன்னும் இரண்டு விஷயம் சொன்னேன். கரைந்த பிறகு வீக்கம் திரும்ப வரலாம், வந்தால் மறுபடி வைக்க வேண்டும். இன்னொன்று, இந்த மருந்தால் சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறும். அது வலிக்காது, பார்வையிலும் முதலில் ஒன்றும் தெரியாது. அதனால் கண் நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் சொன்ன தேதிக்கு வந்து பார்த்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் என்னிடம் ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினார். ஒரு வார்த்தை பிசகவில்லை.

ஆறு வாரம் கழித்து வந்தார். கட்டத் தாளை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நேரா இருக்கு" என்றார்.

அந்த அறையில் அப்படிச் சொல்கிறவர்கள் அழுவார்கள், என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் தாளைத் திருப்பி வைத்துவிட்டு டாக்டரிடம் போனார். அன்றைக்கும் அதே கேள்வியைத்தான் கேட்டார். முதல் ஸ்கேனைப் பார்த்தால் இது புதிதாக வந்த வீக்கம் இல்லை, அரை வருஷத்துக்கு மேலே இருந்திருக்கும் என்றார் டாக்டர். அழுத்தம் சற்று ஏறியிருந்தது. சொட்டு மருந்து எழுதி, இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்கள்.

அங்கிருந்து நேராகப் பீடிக்கடைக்குத்தான் போயிருக்கிறார். தான் ஒடித்ததெல்லாம் நல்ல பீடி என்றும், இசக்கியம்மாளுக்குக் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். இதை வெளியே சொல்லாதீர், கண் சரியாகிவிட்டதல்லவா, உட்கார்ந்து வேலையைப் பாரும் என்றாராம் மேனேஜர். அன்றைக்கு எழுந்து வந்தவர் அந்த மேசையில் மறுபடி உட்காரவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டதற்கு வரவில்லை. தெருவிலேயே நின்றுகொண்டார். அம்மா மடியில் இருந்த பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ உக்காரு. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்" என்றார். "போன ஆடியிலருந்து நான் ஒடிச்சது எல்லாம் நேரான பீடி. ஒன் கையில ஒரு கொறையும் இல்ல. என் கண்ணுதான் கெட்டுக் கெடந்துச்சு."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்தாள்.

"எத்தன நாளு அழுதிருக்கேன் தெரியுமா, அண்ணாச்சி?"

அவர் நின்றார். இன்னும் ஏதாவது சொல்வாள், கேட்டுக்கொண்டு போகலாம் என்று நிற்பதுபோல இருந்தது. அம்மா தட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, போய்ட்டு வாங்க என்றாள். அப்போதுதான் அவர் கதவருகே நின்ற என்னைப் பார்த்தார்.

"நீ இவ மகளா?"

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா."

சொல்லியிருக்கலாம்தான்.

அப்படி ஒரு வீடு விடாமல் போனார். ஒருத்தி நடுத்தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஒருத்தி கழுவின தண்ணீரை அவர் காலடியில் கொட்டினாள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்களாம், குடிக்காமல் வந்துவிட்டார். அவர் மனைவிக்குத்தான் வெளியே தலை காட்ட முடியவில்லை. "கண்ணு சரியாயிட்டுல்ல, வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன?" என்று அந்தம்மா என்னிடம் அழுதார். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்பது உண்மை. பெண்கள் தங்கள் கையையே நொந்துகொண்டு செத்திருப்பார்கள்.

பிறகு அவர் இசக்கியம்மாளைத் தேடத் தொடங்கினார். திருப்பூர் என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து அழுத்தம் பார்க்க வர வேண்டியவர் வரவில்லை. போன் பண்ணினேன். திருப்பூருக்குப் போயிருப்பதாக மனைவி சொன்னார். அடுத்த மாதமும் பண்ணினேன். மறுபடியும் திருப்பூருக்குப் போயிருந்தார். சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, வாங்கவில்லை. எப்படியாவது வரச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மருந்து கரைவதற்குள் அவளைப் பார்த்துவிட வேண்டும், அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நிற்பதாக மனைவி சொன்னார். மற்றவர்கள் வேலையில் ஒரு நூல் பிசகையும் விடாத மனிதர், கண்ணுக்குத் தெரியாத, வலிக்காத ஒன்றைச் சோதிக்க வேண்டும் என்பதை மட்டும் தள்ளிப் போட்டுவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீக்கம் திரும்பியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அழுத்தம் ஏறி ஏறி, கண் நரம்பு வெளுத்துக் குழிந்து போயிருந்தது. பக்கவாட்டுப் பார்வை எல்லாம் போய், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல மிச்சம் இருந்தது. சொன்ன தேதிக்கு வந்து சொட்டு மருந்தை விடாமல் போட்டிருந்தால் அநேகமாக இந்த அளவுக்கு வந்திருக்காது. அந்த மருந்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். டாக்டர் அவரைத் திட்டவில்லை. எனக்குத்தான் திட்ட வேண்டும்போல இருந்தது.

இசக்கியம்மாளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

மூன்றாவது தடவை போனபோது பார்த்தாராம். ஒரு பனியன் கம்பெனி வாசலில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். மகளும் உள்ளே தையல் மெஷினில் இருந்தாள், படிப்பு அதோடு முடிந்துவிட்டது. இவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை இசக்கியம்மாள் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கார்டுக்கு மறுபடி எழுதிப் போடலாம் என்று சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

"வேற ஒண்ணும் சொல்லலியா, அண்ணாச்சி?"

"சொன்னா. 'அன்னைக்கு நான் சொன்னத ஒரு நிமிசம் கேட்டிருந்தா என் பிள்ள படிச்சிருக்கும், ஒம்ம கண்ணும் பிழைச்சிருக்கும்'னா." பிறகு, "சரியாத்தான சொல்லுதா" என்றார்.

அழுத்தத்துக்கு ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கண்ணில் இனிமேல் ஸ்டீராய்டு குச்சியை வைக்க முடியாது என்று வேறு மாத்திரைகளுக்கு மாற்றினார்கள். வீக்கம் ஓரளவு அடங்கியது. செத்த நரம்பு செத்ததுதான். ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தக் குழாய் இன்னும் கொஞ்சம் குறுகியிருந்தது. கடைசியாக நான் அவரைச் சோதித்தபோது எழுத்து அட்டையால் பயனில்லை. விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. ஒரு மீட்டர் தூரத்தில் நின்று இரண்டு விரலைக் காட்டினேன். தெரியவில்லை என்றார். அவர் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

"கிட்ட வந்துட்ட" என்றார். "பழைய எடத்துலயே நில்லு, பிள்ள. என்ன இருக்கோ அத எழுது."

பழைய இடத்துக்குப் போய் நின்றேன். இருந்ததை எழுதினேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் இருக்கும். முக்கூடல் பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ்ஸுக்கு நின்றபோது அவரும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன அண்ணாச்சி, சௌக்கியமா என்று கேட்டதும் குரலை வைத்தே கண்டுகொண்டார். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கிறவர்களை விசாரித்தார். பிறகு அம்மாவைக் கேட்டார்.

"ஒங்கம்ம இன்னும் பீடி சுத்துதாளா?"

அம்மா நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. கையில் குறை இல்லை என்று அவர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகும் அம்மாவுக்குப் பழைய வேகம் வரவில்லை. சுற்றிய பீடியைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். பிரிப்பாள், மறுபடி சுற்றுவாள், மறுபடி பார்ப்பாள். ஒரு நாளைக்கு ஆகிற வேலை மூன்று நாளுக்கு இழுத்தது. கடைசியில் தட்டையும் கத்தரியையும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

"ஆமா, சுத்துதா, அண்ணாச்சி" என்றேன். "முன்ன மாதிரியே."

பஸ் வந்து நின்றது. அவர் மனைவி அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

"பொய் சொல்லுத, பிள்ள" என்றார். கோபமில்லை. காலால் துழாவிப் படியைக் கண்டுபிடித்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.